பஸ்ஸில் விழுந்த சால்வை ஊக்கு

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகளில் சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் தினமும் இரண்டு வேளை ரத்த அழுத்தத்தைப் பார்த்து, அதை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பார்த்தே பயந்துகொண்டிருப்பார்கள். நூற்பாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் இரண்டையும் செய்யவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கிருந்தோ ஒரு பழைய டிடெக்டரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நீளமாய் ஒரு குழாய், அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம், காதில் மாட்டிக்கொள்ள இரண்டு குமிழ். மண்ணுக்கடியில் உலோகம் கிடந்தால் கத்தும் என்றார். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை நடந்தது. கட்டிலுக்குக் கத்தியது, பீரோவுக்குக் கத்தியது, அடுப்புக்குக் கத்தியது, கடைசியில் மனைவியின் வலது முழங்காலுக்கும் கத்தியது. போன வருஷம்தான் அதில் எஃகு மூட்டு வைத்திருந்தார்கள்.

"நான் பழம்பொருள்தான், ஒத்துக்கறேன். தேய்ச்சுக் கழுவி அலமாரியில வெச்சுடாதீங்க" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி என்று இறங்கிவிட்ட மனிதருக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. பொது மருத்துவமனையில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேஷன் சாமான்களைக் கழுவி, எண்ணி, ஆவியில் வைத்து எடுக்கிற வேலை பார்த்தவள். கத்தரி, இடுக்கி, கொக்கி எதுவானாலும் கையில் எடுத்த மாத்திரத்தில் அது எதற்கு, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் கை பட்டு வளைந்தது என்று சொல்லிவிடுவாள். அதனால் தன் சமையலறை மேசையில் நடந்த ஆராய்ச்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தாள். குளிர்பான டப்பாவின் திறப்பு வளையம் ஒன்று அந்த மேசையில் ஒன்றரை நாள் ராஜகுமாரியின் காதணியாக இருந்தது. நசுங்கிய பற்பசைக் குழாய் ஒன்று போர்க்காலத்து ரகசியக் கடிதமாகி, பிரித்துப் பார்த்தபோது புதினா வாசம் அடித்தது.

முதல் முதலாகக் கிடைத்த நல்ல பொருளை அவர் கொன்றே விட்டார். தேய்ந்த பழைய நாணயம். வினிகரில் உப்பைப் போட்டு ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தார். கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. அதில் இருந்த முகம்தான் இல்லை. டிடெக்டரோடு அலைகிற அவருடைய கூட்டாளிகளின் தலைவரான சரித்திர வாத்தியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல அவர் தோளில் கை வைத்தார். "களிம்புதான்யா அதோட வயசு. வயசையே சுரண்டிட்டீங்களே."

அன்றிலிருந்து ஃபிட்டர் தலைகீழாக மாறிப்போனார். வினிகர் கிடையாது, எலுமிச்சை கிடையாது, கம்பி நார் கிடையாது. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறல், பல் குத்தும் குச்சி, குழந்தைகளின் பல்துலக்கி, கண்ணில் பூதக்கண்ணாடி. ஒரு பொத்தானைச் சுத்தம் செய்ய ஒரு வாரம். குழம்பு தீய்ந்தாலும் குச்சியைக் கீழே வைக்க மாட்டார். முட்டை அட்டைகளின் குழிகளில் பொத்தான், பூட்டுச்சாவி, கச்சைக் கொக்கி, தையல்காரரின் விரல்கூடு என்று ஒவ்வொன்றாய் உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஓர் எண், ஒரு வரலாறு. எண் சரியாக இருந்தது என்று சொல்லலாம்.

பொருள் எண் அறுபத்தொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஏரிக்கரையில் புதிதாகச் சமன்படுத்திய விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், முழங்கை ஆழத்தில் கிடைத்ததாம். ஈரத்துணியைப் பிரித்தபோது கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பச்சை உருண்டை. "கல்லு" என்றாள் அவள். "பொறுத்துப் பாரு" என்றார் அவர். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டீ தம்ளரை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உருண்டை பாதி உரிந்திருந்தது. உள்ளே ஓர் இலை. நடுநரம்பு ஒன்று, பக்க நரம்புகள் ஏழு, காம்புக்குப் பக்கத்தில் கல் பதித்திருந்த வட்டக் குழி. குழியில் கல் இல்லை. இலையின் இடது ஓரத்தில் அரைநிலா மாதிரி ஒரு சின்னப் பிறை வெட்டு. அறுவை அறைக்கு எண்ணி அனுப்பிய இடுக்கி எண்ணிக்கையில் குறைந்து வந்தால் செய்வதைப் போல, நரம்புகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அது அவளுடைய சால்வை ஊக்கு. கல்யாணமான முதல் வருஷம் அவர் ரயில் நிலைய வாசலில் வாங்கிக் கொடுத்தது. அவர் தன் கையால் கொடுத்த முதல் பொருள். ஊசி கூராக இருக்கிறது, உன் கையில் குத்தும் என்று மில்லுக்கு எடுத்துக்கொண்டு போய் முனையை அரத்தால் ராவிக்கொண்டு வந்தார். மாட்டிவிடுவதும் அவரேதான். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்முன் வாசலில் நிறுத்தி, சால்வையின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து மாட்டிவிடுவார். அந்த ஒரு வருஷம் அவள் தரையில் நடந்தாளா என்பதே சந்தேகம்.

பிறகு வாட்ச் வந்தது குறுக்கே. அவளுடைய அப்பா கொடுத்த கைக்கடிகாரம். அது கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வேலைவிட்டு வந்து பார்த்தால் புருஷன் அதைப் பிரித்து, சக்கரம் சக்கரமாகக் கெரசினில் கழுவி, துடைத்து, மறுபடி பூட்டி வைத்திருந்தார். "இப்ப பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!" பளபளப்பில் குறையே சொல்ல முடியாது. ஓட்டம்தான் போய்விட்டது. அப்பா அதற்கு முந்தின மாதம்தான் தவறியிருந்தார்.

அவள் அப்போது குடியிருந்த மில் குவார்ட்டர்ஸின் பின்வாசலுக்குப் போனாள், சால்வையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள், கைக்குக் கிடைத்த பலத்தோடு எறிந்தாள். சுற்றுச்சுவரில் டிங் என்று பட்டு அந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் பேட்டரி கடைக்காரர் அமிலத் தண்ணீரை ஊற்றுகிற சாக்கடை. மறுநாள் விடிந்ததும் குச்சியை வைத்துக்கொண்டு அந்தச் சாக்கடையை அவள் கிளறாத இடமில்லை. கிடைக்கவில்லை. ஊக்கு எங்கே என்று அவர் கேட்டபோது, "பஸ்ல விழுந்துடுச்சு" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் மூன்று நாள் வேலை முடிந்து டிப்போவுக்கு நடந்தார். கண்டக்டர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தார். அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷமாக உறவுக்காரர் யார் வந்தாலும் பஸ்ஸில் விழுந்த ஊக்கின் கதை உண்டு. "அந்தச் சின்ன சாமானுக்காக இவ ஒரு வாரம் அழுதா" என்று முடிப்பார். அழுதது நிஜம். எதற்கு அழுதாள் என்பதுதான் வேறு. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் அவளுடைய சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார், அதுவும் எங்கேயாவது விழுந்துவிடும் என்கிற மாதிரி.

இப்போது அந்த ஊக்கு அவர் கையில் இருந்தது. அடையாளம் தெரிந்தால் அவளுடைய முப்பத்துநாலு வருஷத்துப் பொய் சந்திக்கு வரும். தெரியாவிட்டால் அது இன்னும் கேவலம். முதல் பரிசே மனதில் நிற்காத மனிதரோடுதான் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்றாகும். எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

"என்னன்னு தெரியுதா?" என்றாள், மெதுவாக.

"தெரியாம என்ன? சால்வை ஊக்கு." பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அவளுக்கு மூச்சு நின்றது. "நூத்தம்பது வருஷம் இருக்கும். களிம்பு எவ்வளவு தடிமன் பாரு. இந்தத் தடிமனுக்கு நூறு வருஷத்துக்குக் குறையாது, வாத்தியார் சொல்லியிருக்கார்."

நின்ற மூச்சு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

புதன், வியாழன், வெள்ளி என்று குச்சி வேலை நடந்தது. ஊசியும் பித்தளைதான். இரும்பாக இருந்தால் என்றைக்கோ துருவாகக் கரைந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் அவர் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். ஊக்கு வெள்ளைத் துணியின் நடுவில் கிடந்தது. ஃபிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல இந்த முனையைப் பாரு. எவனோ அரம் போட்டிருக்கான். மூணு பட்டை அரம், பொடிப்பல்லு. கோடு எந்தப் பக்கம் சாயுது பாத்தியா? இடது கைக்காரன்."

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள். அதில் பல் குத்தும் குச்சி இருந்தது.

"நல்ல ஊசியை மொன்னையாக்கி வெச்சிருக்கான் மடையன். கடையில வாங்கின சாமானை இப்படியா கெடுப்பாங்க? கை பழகாதவன். சும்மா ஒரு எடுபிடியா இருந்திருப்பான்."

"எதுக்கு ராவியிருப்பான்?"

"அவன் சம்சாரத்துக்குக் குத்தக்கூடாதுன்னு இருக்கும்" என்றார், குரலை இறக்கி. "புதுசாக் கல்யாணம் ஆனவன். நாலு வருஷம் போயிருந்தா அவளையே பாத்து மாட்டிக்கச் சொல்லியிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் விடவில்லை.

"இப்ப இந்தக் கீல் ஓரம். நசுங்கியிருக்கு. தோளிலிருந்து நழுவி விழுந்தா இப்படி நசுங்காது. கல்லுல இல்லேன்னா சுவத்துல வேகமா மோதியிருக்கு. எறிஞ்சிருக்காங்க. சரி, யாரு எறிஞ்சா? ஊசி மூடியிருந்துச்சு, கொக்கி மாட்டியே இருந்துச்சு. தானா அவுந்து விழுந்தா திறந்துல்ல கிடக்கும்? அவளே கழட்டி, மூடி, அப்புறம் எறிஞ்சிருக்கா. கோபத்துலயும் ஊசியை மூடிட்டுத்தான் எறிஞ்சிருக்கா. நிதானமான பொம்பளை. அவளுக்கே அப்படி ஒரு கோபம் வந்திருக்குன்னா அந்த மடையன் என்ன பண்ணித் தொலைச்சானோ!"

கூரான எதையும் திறந்து வைக்கக்கூடாது என்பது ஆஸ்பத்திரிப் பழக்கம். அன்றைக்கு மூடினாளா என்பது அவளுக்கே நினைவில்லை. கை மூடியிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அதை இந்த மனிதர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

"அவ வாட்ச்சைக் கெரசின்ல கழுவியிருப்பான்" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால எந்தப் பொம்பளை வாட்ச் கட்டினா? உனக்கு இந்தச் சரித்திரமெல்லாம் பிடிபடாது" என்று துணியை மடித்தார். யாருடைய அரம், யாருடைய கை, யாருடைய கோபம் என்று ஒன்று விடாமல் சரியாகக் கண்டுபிடித்த ஆள், நூற்றாண்டை மட்டும் தப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு அவள் என்ன செய்வாள்?

திங்கட்கிழமை லாரிக்காரர் வந்தார். கூட்டாளிகளில் அவரும் ஒருவர், ஓய்வுபெற்ற லாரி டிரைவர், எதையும் பாரம் ஏற்றுகிற கணக்கில்தான் பேசுவார். ஊக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மைதானத்துலயா கிடைச்சுது?" என்றார். "அந்த மண்ணு அங்க உள்ளதில்லையே. ஏரி தாழ்வா இருந்துச்சுன்னு நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். உங்க மில் குவார்ட்டர்ஸை இடிச்சாங்கள்ல, அந்த மண்ணு. நாப்பத்திரண்டு லோடு."

அவள் கையிலிருந்த தட்டு மேசையில் சத்தத்தோடு உட்கார்ந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தாள். ஃபிட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"ஏய், கேட்டியா? குவார்ட்டர்ஸ் மண்ணு! நாம ஆறு வருஷம் அங்கதானே குடியிருந்தோம்! மில்லு வர்றதுக்கு முன்னால அங்க ஏதோ பெரிய மாளிகை இருந்திருக்கணும். அந்தப் பொம்பளை எறிஞ்ச ஊக்கு மேலேயே நாம பாய் போட்டுப் படுத்திருக்கோம்! நினைச்சாலே புல்லரிக்கலே?"

"அரிக்குது" என்றாள் அவள்.

மாளிகை அன்றைக்குச் சாயங்காலமே வரலாறாகிவிட்டது. வாத்தியார் நூலகக் கூடத்தில் கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். அந்த வாரம் சனிக்கிழமை. அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வருகிறார். நடு மேசையின் கண்ணாடிப் பெட்டி அறுபத்தொன்றுக்கு ஒதுக்கப்பட்டது, ஃபிட்டர் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அட்டையை அவர் மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவது முறை தேற்றினார்: 'சால்வை ஊக்கு. பித்தளை. சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் பழையது. மாளிகைப் பெண் ஒருத்தி, கணவன் செய்த கொடுமை தாளாமல் எறிந்தது.'

கொடுமை என்ற சொல்லை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய வார்த்தை தேவையா என்று முதல் தடவையாக அவர் மேல் பரிதாபம் வந்தது.

வியாழக்கிழமை அவர் வெளியே போயிருந்தபோது துணியைப் பிரித்து ஊக்கைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரம் முழுக்க ஒரே சீரான மடிப்பு, அச்சில் வைத்து ஒரே அடியில் வெட்டியது. மெஷின் வேலை. ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுகிற சாமான். சாமான் கழுவுகிற அவளுக்கே ஒரு பார்வையில் தெரிகிறது, அருங்காட்சியகத்து அம்மாவுக்குத் தெரியாமலா போகும்? கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில், இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, மாளிகைக் கதை சொல்கிற மனிதரிடம், "ஐயா, இது ரயிலடியில விக்கிற சாமான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு டிடெக்டர் பரணுக்குப் போகும், அவர் ரத்த அழுத்த நோட்டுக்கு வருவார். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பொய் வெளியே வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலை. அவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், கேட்பவர்களாக முட்டை அட்டைகள் இருந்தன.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அது என்னோடது."

"எது?"

"அந்த ஊக்கு. ரயிலடியில நீங்க வாங்கிக் குடுத்தது. பஸ்லயும் விழல, ஒண்ணுலயும் விழல. நான்தான் எறிஞ்சேன். வாட்ச்சைக் கழுவினீங்களே, அன்னிக்கு."

அவர் அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவுதான் அவளைக் கொன்றது.

"எனக்குக் கூட்டத்துல பேச நடுக்கம்னு உனக்குத் தெரியும். நான் போகாம இருக்கணும்னு பாக்கறே. பயப்படாதே, நல்லாத்தான் பேசுவேன்."

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன்!"

"உன்னோட ஊக்கு எனக்குத் தெரியாதா? நான் வாங்கினது. தங்கமாட்டம் மின்னும். கல்லு நெருப்புத் துண்டு மாதிரி, இவ்வளவு பெருசு." கட்டைவிரலைக் காட்டினார். ரயிலடியில் வாங்கியதில் மிளகு அளவுக்குக் கல் இருந்தது. "அது எங்கே, இது எங்கே? களிம்பைப் பாரு, நூறு வருஷம்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் பேட்டரி கடை. அமிலத் தண்ணி ஓடற சாக்கடை. அதுல கிடந்தா ஒரே வருஷத்துல பச்சை பூக்காதா?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஊக்கின் ஓரத்தை மறுபடி பார்த்தார். "அது வேற பச்சை" என்றார் கடைசியில், அவ்வளவு உறுதியில்லாமல். உடனே சுதாரித்துக்கொண்டார். "அதை விடு. நீ எறிவியா? ஒரு ஊசியைத் திறந்து வெக்க மாட்டே நீ. ஒரு தட்டை வேகமா வெச்சதில்ல. நீ எறிஞ்சேன்னு சொன்னா வாத்தியார் நம்புவாரா, நான் நம்புவேனா?"

அவள் திகைத்துப்போனாள். குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ள ஆளில்லை. முப்பத்துநாலு வருஷம் எது வெளியே வரக்கூடாது என்று பயந்தாளோ, அதை இழுத்து வெளியே போட்டால், நல்லவள் நீ என்று திருப்பி உள்ளே தள்ளுகிறார். இவருடைய நம்பிக்கையில் இடி விழ.

உள்ளே போய்ச் சாம்பல் நிறச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"சரி, மாளிகைக்காரி ஊக்குன்னே வெச்சுக்குங்க. பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னால ஒரு தடவை எனக்கு மாட்டிவிடுங்க. எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

"பழம்பொருளைப் போட்டுப் பாக்கறதா? வாத்தியாருக்குத் தெரிஞ்சா..." என்று முனகினார். ஆனாலும் எழுந்தார். ஊக்கை எடுத்துக்கொண்டார். வலது கை தானாகச் சால்வையின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்தது. இரண்டு விரல் துணிக்கு அடியில் போயிற்று, ஊசி உடம்பில் படாமல் இருக்க. இடது கை ஊக்கைத் திறந்தது. மாட்டுவதற்கு முன் கட்டைவிரல் ஊசி முனையை ஒரு தடவை தடவிப் பார்த்தது, குத்துகிறதா என்று. பிறகு இலையின் இடது ஓரத்துப் பிறை வெட்டில் போய் உட்கார்ந்தது. அது அந்தக் கட்டைவிரலின் அளவுக்குத்தான் இருந்தது. வழுக்குகிறது என்று ராவியது அந்தக் கட்டைவிரலுக்குச் சொந்தக்காரர்தான்.

கை நின்றுவிட்டது.

அவர் தன் கையைப் பார்த்தார். யாரோ வேறு ஆளின் கை வந்து அங்கே நிற்கிற மாதிரி பார்த்தார். பூதக்கண்ணாடியும் இல்லை, நோட்டும் இல்லை.

"பஸ்ல விழுந்துடுச்சுன்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"மூணு நாள் டிப்போவுக்கு நடந்தேன்."

"தெரியும்."

"ஒரு கண்டக்டர் என்னைப் பாத்தாலே பஸ்ஸுக்குப் பின்னால போய் நிப்பான்."

"அதையும் சொன்னீங்க. இருபது தடவை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சால்வையில் ஊக்கு பாதி மாட்டியபடி நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். திட்டினால் திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள், முப்பத்துநாலு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

"அந்த வாட்ச்" என்றார் அவர். "அப்புறம் ஓடவே இல்லியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. பளபளன்னு இருக்குன்னு."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "உங்க அப்பா குடுத்ததுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நல்லாக் கழுவினேன்" என்றார். பிறகு, "எவனோ மடையன்னு சொன்னேன், இல்ல?"

"சொன்னீங்க. நான் மறுத்துப் பேசல."

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில். பிறகு எழுந்து வந்து, பாதியில் நின்ற ஊக்கை ஒழுங்காக மாட்டிவிட்டார்.

மறுநாள் நூலகக் கூடத்தில் நல்ல கூட்டம். வாத்தியார் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். நடு மேசைக்கு வந்தவர் அப்படியே நின்று ஃபிட்டரைத் தேடினார். கண்ணாடிப் பெட்டியில் வெள்ளைத் துணி விரித்திருந்தது, துணியின் மேல் ஒன்றுமில்லை. அட்டை மட்டும் இருந்தது, ஐந்தாவது தடவையாக எழுதியது: 'பொருள் எண் 61. சால்வை ஊக்கு. பித்தளை. முப்பத்துநாலு ஆண்டுகள் பழையது. தற்சமயம் உபயோகத்தில் உள்ளது.'

அருங்காட்சியகத்து அம்மா அதைப் படித்துவிட்டு, முன்வரிசையில் சாம்பல் நிறச் சால்வையோடு உட்கார்ந்திருந்தவளிடம் நேராக வந்தார். குனிந்து, தன் லென்ஸை வைத்துப் பார்த்தார். "களிம்பை ரொம்ப பக்குவமா எடுத்திருக்காங்க. ஒரு கீறல் இல்ல. முனையை மட்டும் ஏன் ராவி வெச்சிருக்கு?"

ஐந்து நிமிஷப் பேச்சு ஃபிட்டரின் வாய் வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். மூன்று பட்டை அரம், பொடிப்பல், இடது கைக்காரன், எல்லாம் அங்கே வரிசையில் நின்றன. அவர் பதிலை அவளுக்கே விட்டுவிட்டார்.

"குத்தக்கூடாதுன்னு" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பழக்கத்தில் அவர் கை சால்வை நுனிக்குப் போனது, பாதி வழியில் நினைவு வந்து திரும்பிவிட்டது. "இனிமே உன் சாமானை நீயே பாத்துக்கோ" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "எறியறதா இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லு. டிப்போவுக்கு நடக்க என் முழங்காலு இடம் கொடுக்காது."

இரண்டு நிறுத்தம் வரை கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாகத்தான் நின்றார். மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நுனியைப் பிடித்துக்கொண்டார்.